கழியக்காவின் அடையாளம்

பெரிய தீவுக்கும் சின்னத் தீவுக்கும் நடுவே ஓடும் கடல் ஓடைக்கு ஓரிடத்தில் இருக்கத் தெரியாது. இந்த மாதம் படகு போன ஆழத்தில் அடுத்த மாதம் மணல்மேடு எழும்பியிருக்கும். அதனால் மாதத்துக்கு ஒருமுறை யாராவது சின்னப் படகில் போய், கோலை விட்டு ஆழம் பார்த்து, வழி காட்டும் சிவப்புத் துணிக் கழிகளைப் பிடுங்கி மாற்றி நட்டாக வேண்டும். இருபத்திரண்டு வருடமாக அந்த வேலை பெரிய தீவில் இருக்கும் கழியக்காவுடையது. வேலையைக் கொடுத்தது துறைமுக அலுவலகம், பேரைக் கொடுத்தது ஊர்.

கழியக்காவுக்கு யாரையும் நம்பும் வழக்கம் கிடையாது. பால்காரர் சிரித்தால் பாலில் தண்ணீர் கலந்திருக்கிறார் என்பாள். சிரிக்காவிட்டால் நிறையவே கலந்திருக்கிறார் என்பாள். கழிகளை யாராவது அசைத்தால் கண்டுபிடிக்க, அலுவலகத்துக்கே தெரியாத ஓர் அடையாளம் வைத்திருந்தாள். கழி வரிசையிலிருந்து சின்னத் தீவைப் பார்த்தால் மருத்துவமனை மாடியில் கறுப்புத் தண்ணீர்த் தொட்டி தெரியும். அதற்குப் பின்னால் தூரத்தில் செல்போன் கோபுரம். நட்ட அன்று இரண்டும் எப்படி நிற்கின்றன என்று மனதில் குறித்துக்கொள்வாள். பிறகு எப்போது போனாலும் அவை அப்படியே நின்றால் கழி அசையவில்லை. இதைப் பெற்ற மகளிடம்கூட அவள் மூச்சு விட்டதில்லை. மகளுக்குத் தெரிந்தால் மாப்பிள்ளைக்கும் தெரிந்துவிடுமே.

சின்னத் தீவில் குடியிருந்த மாப்பிள்ளை படகோட்டி. தங்கமான மனிதர் என்று ஊரே சொன்னது. ஊரே சொன்னதுதான் கழியக்காவுக்கு உறுத்தியது. ஒருநாள் சாப்பிடும்போது, இப்போதெல்லாம் போனிலேயே ஆழம் பார்க்கலாமாமே என்று அவர் பேச்சுவாக்கில் சொல்லிவைத்தார். என் வேலைக்கு வேட்டு வைக்கப் பார்க்கிறார் என்று அவள் அன்றே முடிவு கட்டிவிட்டாள்.

அடுத்த முறை ஓடைக்குப் போனவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கோபுரத்துக்கு நேர் கீழே நிற்க வேண்டிய தொட்டி இடது பக்கமாக விலகி நின்றது. அப்படியென்றால் யாரோ கழிகளைப் பிடுங்கி நகர்த்தியிருக்கிறார்கள். யாரோ என்ன, மாப்பிள்ளைதான்! ஆழத்தை அளந்து பார்த்திருக்கலாம். திருடனைப் பிடிக்கும் அவசரத்தில் அவள் அளக்கவில்லை. தொட்டி கோபுரத்தின் கீழே வரும் இடம் பார்த்துக் கழிகளை மாற்றி நட்டுவிட்டுக் கரையில் போய் உட்கார்ந்தாள். மூன்று நாள் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்தாள். மூன்று நாளும் மாப்பிள்ளையின் படகு அவள் கழிகளை விட்டு விலகியே போனது.

நான்காம் நாள், நீர் வற்றியிருந்த நேரத்தில், கழிகளை நம்பி ஆட்களை ஏற்றிக்கொண்டு வந்த பெரிய படகு மணலில் மோதியது. ஒரு தையல்கார அம்மாவுக்கு மணிக்கட்டு உடைந்தது. மோதும் என்று முன்பே தெரியாமலா கழிகளை நகர்த்திய மாப்பிள்ளை மூன்று நாளாக விலகிப் போனார் என்று கேட்டுக் கழியக்கா அலுவலகத்தில் எழுதிக் கொடுத்தாள். விசாரணை முடியும்வரை மாப்பிள்ளை படகை எடுக்கக்கூடாது என்று உத்தரவு வந்தது. குற்றம் உறுதியானால் உரிமம் அடியோடு போய்விடும். மகள் பேச்சை நிறுத்திக்கொண்டாள். பெரிய படகு நீர் ஏறிய நேரம் பார்த்து மட்டும் போய்வந்தது. கழியக்காவோ தன் அடையாளத்தைப் பார்த்துவிட்டு, கழிகள் இப்போது சரியான இடத்தில்தான் நிற்கின்றன என்று படகுக்காரரிடம் சொல்லியிருந்தாள்.

விசாரணை நாளன்று காலையில், மாப்பிள்ளைக்கு எதிராக ஒரு கையெழுத்து வாங்கலாம் என்று தையல்கார அம்மாவைப் பார்க்கக் கழியக்கா சின்னத் தீவு மருத்துவமனைக்குப் போனாள். நர்ஸ் குடிக்கத் தண்ணீர் கொடுத்தாள். ஒரு வாய் குடித்ததும் இதில் என்ன கலந்தாய் என்பதுபோல் கழியக்கா பார்த்தாள்.

“புதுத் தொட்டிங்க, வாடை இன்னும் போகல,” என்றாள் நர்ஸ். “பழசு விரிசல் விட்டுப்போச்சு. இத மாடியில அந்தக் கோடியில தூக்கி வச்சிட்டாங்க.”

எப்போது வைத்தார்கள் என்று கழியக்கா கேட்டாள். பெரிய படகு மோதுவதற்கு ஒரு வாரம் முன்னால் என்றாள் நர்ஸ். அப்படியென்றால் கழிகள் அசையவே இல்லை, அசைந்தது தொட்டிதான். தொட்டி இடம் மாறியது அந்தத் தீவில் எல்லோருக்கும் தெரியும். அதைப் பெரிய தீவிலிருக்கும் கழியக்காவிடம் சொல்ல வேண்டும் என்றுதான் ஒருவருக்கும் தெரியாது.

கையெழுத்துக் கேட்காமலே எழுந்து படகுத்துறைக்கு வந்தாள். சும்மா கிடந்த தன் படகின் அடிப்பாகத்தை மாப்பிள்ளை சுரண்டிக்கொண்டிருந்தார். வாங்க அத்தை என்றார், எப்போதும்போல.

“கழிய மாத்தினது நான்தான், மாப்பிள்ளை.”

“தெரியும். மாத்தின அன்னைக்கே பாத்தேன்.”

“அப்புறம் ஏன் ஒரு வார்த்த சொல்லல?”

“சொல்லியிருந்தா நம்பியிருப்பீங்களா?”

நம்பியிருப்பேன் என்று சொல்ல வாயெடுத்தாள். சொல்லாமல், படகில் ஒட்டியிருந்த ஒரு சிப்பியைக் கிள்ளி எறிந்தாள். அவர் குனிந்தபடியே, பெரிய படகுக்காரரிடமாவது சொல்லியிருக்க வேண்டும், மாமியாரைக் காட்டிக்கொடுத்த பேர் வேண்டாம் என்று இருந்துவிட்டேன், அந்த அம்மா கையைப் பார்த்தால் சோறு இறங்கவில்லை என்றார். அவளுக்கு அழுகை வந்தது, வெட்கமும் வந்தது.

பெரிய தீவில் நடக்கும் விசாரணைக்குச் சாட்சிகள் போக வேண்டியிருந்ததால் அன்று மட்டும் பெரிய படகு நீர் வற்றும் நேரத்திலேயே கிளம்பியது. கழியக்கா ஏறிக்கொண்டாள். முப்பது பேர் இருப்பார்கள். படகு நேராக அவள் நட்ட கழிகளை நோக்கிப் போனது. அவள் எழுந்து சுக்கானருகே போய், கழியைப் பார்த்து ஓட்டாதீர்கள், அது தப்பான இடம் என்றாள்.

“உங்க மாப்பிள்ளை மறுபடியும் கை வச்சிட்டாராக்கா?” என்றார் படகுக்காரர்.

ஓர் ஆமாம் போதும். படகும் தப்பிக்கும், வேலையும் தப்பிக்கும். படகே அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது.

“அவரு தொடவே இல்ல. தப்பா நட்டது நான்தான்.”

படகுக்காரர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு ஆழம் எந்தப் பக்கம் என்று கேட்டார். இடது பக்கம், நாற்பதடி தள்ளி என்றாள். இத்தனை வருடமாக அவள் கை காட்டிய பக்கம் மறுபேச்சில்லாமல் சுக்கானைத் திருப்பிய மனிதர் அவர். இப்போது இயந்திரத்தை நிறுத்தினார். கோலை எடுத்து, அவள் சொன்னது சரிதானா என்று தண்ணீரில் விட்டுப் பார்த்தார்.