மாரி பிடித்த பிரேக்

இதை எழுதவே வேண்டாம் என்றுதான் இருந்தேன். பாதி சோம்பல், பாதி வெட்கம்.

சுதந்திரம் கிடைத்த வருஷம். நானும் என் கூட்டாளி மாரியும் எங்கள் ஊர் செமாபோக் திடலில் மோட்டார் சைக்கிள் பந்தயத்துக்குப் பழகினோம். வளைவு வந்தாலே மாரி பிரேக் பிடிப்பான். "டேய், இறங்கித் தள்ளிக்கிட்டு வாடா!" என்று எங்கள் காஜா பெராங் தெரு முழுக்கச் சொல்லிச் சிரித்தேன். கடைசியில் அவன் பந்தயமே வேண்டாமென்று விலகிவிட்டான்.

தப்பைப் பார்த்துத் திருத்திக்கொள்ள, போட்டோ கடை அண்ணன் எங்கள் ஓட்டத்தைச் சினிமாக் கேமராவில் படம் பிடித்திருந்தார். கடைச் சுவரில் வேட்டியைத் திரையாகக் கட்டி அந்தப் படத்தை ஓட்டிக் காட்டினார். "மாரி பயப்படுறத வந்து பாருங்கலா!" என்று கூட்டம் சேர்த்ததும் நான்தான்.

படத்தில், வளைவை ஒடுக்கித் திருப்பத் தெரியாமல் நான் அகலமாக விலகி, பக்கத்தில் வரும் மாரியின் வழியில் பாய்கிறேன். என்மேல் மோதாமலிருக்க அவன் பிரேக் பிடிக்கிறான். அடுத்த சுற்றிலும் அதே. அண்ணன் என்னைப் பார்த்தார். யாரும் சிரிக்கவில்லை.

என் வேகம் என்று நான் பீற்றிக்கொண்டதெல்லாம் அவன் பிரேக்கில்தான் இருந்தது.

வெளியே வந்து மாரியிடம், "ஏன்டா அப்பவே சொல்லல?" என்றேன்.

"சொன்னேன்டா, நீ சிரிச்ச சத்தத்துல உனக்குக் கேக்கல."