கிணற்றுச் சுவரில் ஒரு கை

போன வாரம் ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டத்துக்காக எங்கள் தெருச் சாக்கடையோரம் பிளீச்சிங் பவுடர் தூவிக்கொண்டு போனார்கள். எல்லோரும் மூக்கைப் பொத்த, நான் மட்டும் வாசலில் நின்று மோந்துகொண்டிருந்தேன். "ஒங்களுக்கு மட்டும் அது என்ன, மல்லியப்பூவா?" என்றாள் மனைவி. எனக்கு அது நீச்சல்குளத்து வாடை. இந்தியாவுக்காக ஒரே ஒரு தடவை நீந்திய ஆள் நான். என் தொப்பையைப் பார்த்தவர்கள் யாரும் இதை நம்பப்போவதில்லை.

குளமெல்லாம் பிற்பாடுதான். முதலில் கிணறு. குருவிகுளம் போகிற பாதையில் எங்கள் மிளகாய்த் தோட்டத்துக் கிணறு. நாலு கை போட்டால் எதிர்ச்சுவர் வந்துவிடும். சுவரின் கல்லிடுக்கு பூராவும் தண்ணீர்ப் பாம்பு. அதனால் திரும்பும்போது நீட்டிக்கொண்டிருக்கிற படிக்கல்லை வலது கையால் மட்டும் தொடுவோம்; இடது கையை நெஞ்சோடு ஒடுக்கிக்கொள்வோம். நான் ஒருதரம் மறந்து நீட்டியதற்கு, என்னைவிட இரண்டு வயது மூத்த அண்ணன் மண்டையில் குட்டினான். இப்போதும் அந்த இடம் வலிக்கிற மாதிரி இருக்கிறது.

உண்மையைச் சொன்னால் அண்ணன்தான் நல்ல நீச்சல்காரன். அப்பா இறந்தபோது இருவரில் ஒருவர்தான் பாளையங்கோட்டைக்குப் படிக்கப் போக முடியும் என்று ஆகிவிட்டது. "நீ போலே. தோட்டத்த நான் பாத்துக்கிடுதேன்" என்றான். அவ்வளவுதான் பேச்சு.

அங்கே நீச்சல்குளத்தில் என் தோளைப் பார்த்து, இரண்டு கையையும் ஒருசேர வீசிப் போகிற பட்டாம்பூச்சி நீச்சலில் போட்டார்கள். லீவுக்கு வந்து கிணற்றில் நீந்திக் காட்டினேன். "இதென்னலே, கன்னுக்குட்டி சேத்துல விழுந்து எந்திரிக்க மாதிரி இருக்கு" என்று சிரித்தான். சாயங்காலத்துக்குள் என்னைவிட அழகாக அதை நீந்தினான். எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது, வெட்கக்கேடு.

அந்த நீச்சலில் ஒரு சட்டம் உண்டு. திரும்பும்போது இரண்டு கையும் ஒன்றாகச் சுவரைத் தொட வேண்டும். கிணற்றுப் பழக்கம் போக எனக்கு ஒரு வருஷம் ஆனது. பிறகு மாநிலம், தேசம், மெட்ராஸில் வேலை என்று போய், எண்பதுகளின் தொடக்கத்தில் ஆசிய நாடுகள் கூடிய ஒரு போட்டிக்கு விமானம் ஏறினேன்.

நூறு மீட்டர். ஒரே ஒரு திருப்பம். பாதி தூரம்வரை மூன்றாவதாக வந்தேன். சுவர் நெருங்கியபோது என்ன பயமோ, வலது கை மட்டும் போனது. இடது கை பாம்புக்குப் பயந்து நெஞ்சோடு ஒடுங்கிக்கொண்டது. நீந்தி முடித்து நாலாவதாக வந்தேன். ஒற்றைக் கையால் தொட்டது செல்லாது என்று ஐந்து நிமிஷத்தில் என் பெயரைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டார்கள். அத்தனை வருஷத்து உழைப்பு ஒரு கையில் போயிற்று.

சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டில் அண்ணன் காத்திருந்தான். "எத்தனாவதுலே?"

"நாலாவது."

பொய்யும் இல்லை, மெய்யும் இல்லை. அவன் அங்கே நின்றவர்களிடமெல்லாம், "ஏசியாவுலயே நாலாவது வே, எந்தம்பி" என்றான். அப்போதே சொல்லியிருக்கலாம்.

மறுநாள் காலையில் கிணற்றில் இறங்கினேன். திரும்பும்போது என்னையறியாமல் இரண்டு கையையும் வைத்தேன். மேலே உட்கார்ந்திருந்த அண்ணன் பார்த்துவிட்டான்.

"ஏலே, இடுக்குல கைய வைக்கியே. அங்கன அப்படித்தான் தொடணுமோ?"

"ஆமாண்ணே. ரெண்டு கையும் வைக்கணும். இல்லன்னா சேத்துக்கிட மாட்டாங்க."

துண்டை உதறித் தோளில் போட்டான். பிறகு, "நீ வச்சியா?" என்றான்.

நான் மூச்சை இழுத்து உள்ளே முங்கிவிட்டேன். மேலே வந்தபோது அவன் மோட்டார் போடப் போயிருந்தான்.

அதற்குப் பிறகு அவன் கேட்கவே இல்லை. தோள்வலி என்று சாக்குச் சொல்லி அடுத்த வருஷம் நீச்சலை விட்டேன். அவனோ கடைசிவரைக்கும் ஊராரிடம் "நாலாவது" என்றே சொல்லிக்கொண்டிருந்தான். சொல்லும்போது என் முகத்தை மட்டும் பார்க்க மாட்டான்.

அவன் போய் ஆறு வருஷம் ஆகிறது. பிளீச்சிங் வாடை என்னைப் பிடித்துத் தள்ள, மறுநாளே தோட்டத்துப் பக்கம் போனேன். தோட்டத்தை வாங்கியவர்கள் கிணற்றை எப்போதோ தூர்த்து பிளாட் போட்டுவிட்டார்கள். படிக்கல் இருந்த இடத்தில் யாருடைய வீட்டுக்கோ காம்பவுண்டுச் சுவர். அதன்மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு, "வைக்கலண்ணே" என்றேன். உள்ளேயிருந்து ஒரு பெண் வந்து, யார் வேணும் என்று கேட்டாள்.