மீன் தராசில் நிறுத்த பிள்ளை

மருத்துவமாது றோஸ்மேரி கிளினிக்குக்குப் புறப்படுவதைப் பார்த்தால், வேலைக்குப் போகிறாரா வீடு மாறுகிறாரா என்று சந்தேகம் வரும். சைக்கிள் சொந்தம், குடை சொந்தம், விரிக்கிற பாயும் சொந்தம். சண்டை முடிந்து சனம் திரும்பி வந்து தகரக் கொட்டில் போட்டுக் குடியேறிய 2010ஆம் ஆண்டு அது. சுகாதாரக் கந்தோர் கொடுத்ததெல்லாம் கொப்பியும் அட்டையும் நிறையப் புத்திமதியும்தான். பிள்ளை நிறுக்கிற தராசு அடுத்த மாதம் வரும் என்றார்கள். எந்த வருசத்து அடுத்த மாதம் என்று சொல்லவில்லை.

அதுவரை பிள்ளைகள் வளராமல் காத்திருக்குமா? புருசன் லோறன்ஸிடம் அவன் மீன் நிறுக்கிற தொங்கு தராசைக் கேட்டு வாங்கி, தேசிக்காய்ப் புளி விட்டு மூன்று தரம் உரஞ்சிக் கழுவினார். கொக்கியில் துணித் தொட்டில் கட்டினார். கிளினிக் நாளில் அது அவருடையது. மற்ற நாளெல்லாம் மீனுக்கு.

முசலி ஊர்ப் பக்கத்துச் சுலைஹாவின் தலைப்பிள்ளைதான் அவரை அலைக்கழித்தது. ஆஸ்பத்திரியில் பிறக்கும்போது இரண்டு கிலோ தொள்ளாயிரம். ஒரு மாதம் கழித்து றோஸ்மேரி நிறுத்தபோது மூன்று கிலோ நூறு.

"பால் காணாதுபோல கிடக்கு, தங்கச்சி. புட்டியிலை மாப்பால் குடுக்கத் தொடங்கிப் பாப்பம்."

சுலைஹா பிள்ளையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எழுந்து போனாள். அந்த முதுகு றோஸ்மேரியின் கண்ணைவிட்டுப் போகவில்லை. இரவுச் சாப்பாட்டிலும் அதே நினைப்பு.

"வடிவான பிள்ளை. கன்னமெல்லாம் உப்பிக் கிடக்கு. நிறை மட்டும் ஏறுதில்லையப்பா," என்றார் லோறன்ஸிடம்.

"எந்தத் தராசிலை நிறுத்தனீர்?"

"உங்கடதிலைதான்."

லோறன்ஸ் சோற்றில் வைத்த கையை எடுத்தான். "அதிலை ஈரக்கூடைக்கு நானூறு கிராம் கழிச்செல்லோ முள்ளைத் திருகி வச்சிருக்கிறன். கூடையோட நிறுத்தாலும் மீனின்ர நிறை மட்டும் காட்டும்."

வெறுமனே தொங்கும்போது முள் பூச்சியத்தில் முட்டிக்கொண்டு நல்ல பிள்ளை போல நின்றதே! றோஸ்மேரி குசினிக்கு ஓடி, ஒரு கிலோ சீனிப் பையைக் கொண்டுவந்து கொக்கியில் மாட்டினார். அறுநூறு காட்டியது.

"சொல்ல வாயில்லையோ உங்களுக்கு?"

"பிள்ளை நிறுக்கப் போறன் எண்டு கேட்டனீர். கூடையைப் பற்றிக் கேக்கேல்லையே."

பதில் சரிதான். அதனால்தான் அவருக்கு இன்னும் கோபம். இருபத்திரண்டு பிள்ளைகளின் அட்டையைத் திருத்த வேண்டும். அதெல்லாம் பிறகு. ஒருதடவை புட்டி வாய்க்குப் பழகிவிட்டால் சுலைஹாவின் பிள்ளை தாய்ப்பாலுக்குத் திரும்புமோ தெரியாது.

விடிந்ததும் விடியாததுமாக, முள்ளைத் திருத்திய தராசோடும் சீனிப் பையோடும் சைக்கிளை மிதித்தார். "மாதாவே, பால்மா ரின்னை உடைச்சிருக்கக் கூடாது" என்று வழியெல்லாம் வேண்டிக்கொண்டார்.

சுலைஹாவின் கொட்டில் வாசலில் அடுப்பு எரிந்தது. பக்கத்தில் புதுப் புட்டி. பால்மா ரின்னின் மூடியில் கரண்டிக் காம்பைக் கொடுத்து நெம்பிக்கொண்டிருந்தாள்.

"பொறுங்கோ தங்கச்சி!"

மூச்சு வாங்க, முதலில் சீனியைத் தொங்கவிட்டுக் காட்டினார். சரியாக ஒரு கிலோ. பிறகு பிள்ளையை. மூன்று கிலோ ஐந்நூறைத் தாண்டி முள் நின்றது.

சுலைஹா முள்ளையே பார்த்தாள். "அப்ப என்ர பாலிலை குறையில்லையா, மிஸ்?"

"குறை என்ர தராசிலை. உங்களிலை இல்லை. நான் பிழையாச் சொல்லிப்போட்டன். என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

"அல்ஹம்துலில்லாஹ்." இரவெல்லாம் அழுது வீங்கிய முகத்தில் இன்னொரு தரம் கண்ணீர் வழிந்தது. பிள்ளையை வாங்கி முந்தானைக்குள் விட்டாள். அது வெகுநேரம் குடித்தது. றோஸ்மேரி பாயில் இருந்து வெட்கத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

பிள்ளை உறங்கியதும் சுலைஹா எழுந்து, பாதி நெம்பிய ரின்னை முழுதாய் உடைத்தாள்.

"ஏன் தங்கச்சி?"

"வாங்கினதை வீசேலாதே. தேத்தண்ணி போடுறன், இருங்கோ." சுலைஹா கையை நீட்டினாள். "அந்தச் சீனியைத் தாங்கோ."