கராஜில் சாம்பிராணி

என் கணவர் சாமி கும்பிடுகிறவர் இல்லை. மேய்ஸ் ஹில் முருகன் கோயிலுக்கு என்னைக் காரில் கொண்டுபோய் விடுவார். நான் உள்ளே போய் வரும் வரைக்கும் வண்டியிலேயே உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருப்பார். சாப்பாடு போடுகிற நாளென்றால் மட்டும் இறங்கி வருவார். அப்படிப்பட்டவர் அந்தக் குளிர்காலத்தில் தினமும் கராஜில் சாம்பிராணி போட ஆரம்பித்தார்.

கேட்டதற்கு, "உள்ள ஒரே பூஞ்சை வாடை. அதான்" என்றார். சிட்னியில், கிரவீன் பக்கம் எங்கள் வீடு பழைய செங்கல் வீடு. கராஜ் பின்னால் தனியாக இருக்கும். மழை பிடித்துக்கொண்டால் அதன் சுவரில் ஈரம் ஏறும் என்பது உண்மைதான். நானும் விட்டுவிட்டேன்.

அதற்கு முன்பே கார் கராஜை விட்டு வெளியே வந்துவிட்டது. கறிவேப்பிலைத் தொட்டியை உள்ளே வைத்திருப்பதாகச் சொன்னார். சிட்னி குளிரில் கறிவேப்பிலை இலை கொட்டிக் குச்சியாகிவிடும், போன வருடமும் அப்படித்தான் ஆனது. விளக்குப் போட்டுக் கதகதப்பாக வைத்தால் தப்பித்துவிடும் என்று எங்கோ படித்தாராம். ஜன்னலில் கறுப்பு பிளாஸ்டிக் ஒட்டினார். "வெளிச்சம் பக்கத்து வீட்டுக்குத் தொந்தரவா இருக்கும்" என்றார். பக்கத்து வீட்டுக்காரர்களைப் பற்றி அவர் கவலைப்பட்டு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

பிறகு துணி துவைக்கிற வேலையைத் தானே எடுத்துக்கொண்டார். கல்யாணமான நாளிலிருந்து ஒரு துண்டைக்கூட மடித்து வைக்காதவர் என் மருந்துக்கடைச் சீருடையைத் துவைத்துக் கராஜில் காயப்போட்டு, இஸ்திரி போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். "மழைல எங்கயும் காயாது. அங்கதான் ஃபேன் ஓடுதே" என்றார். வீட்டிலிருந்தபடியே கம்ப்யூட்டரில் வேலை பார்க்கிறவர், பகலில் நேரம் இருக்கிறது என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். சந்தோஷமாகவும் இருந்தது. அந்தச் சந்தோஷத்தை முழுதாக அனுபவிக்க விடாமல் ஏதோ ஒன்று நெருடியது. கராஜ் கதவில் புதுப் பூட்டு தொங்கியது. சமையலறையில் கொத்தமல்லி நறுக்குகிற சின்னக் கத்தரிக்கோலைக் காணோம். நான் துணிக்கூடையை எடுத்துக்கொண்டு கராஜ் பக்கம் போனாலே, எங்கிருந்தாலும் வந்து வாங்கிக்கொள்வார்.

வேறு பெண்ணாக இருக்குமோ என்றும் நினைத்தேன். எந்தப் பெண் பூஞ்சை பிடித்த கராஜுக்குள் வந்து உட்காருவாள் என்று அதை விட்டேன். பிறகு சூதாட்டம் என்று நினைத்தேன். உள்ளே இன்னொரு கம்ப்யூட்டர் வைத்துக்கொண்டு ஏதாவது செய்கிறாரோ என்று அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டேன். அவரோ ரசத்தை ஊற்றிக்கொண்டு, "இன்னிக்கு ரசம் நல்லா இருக்கு" என்றார். அதையும் சந்தேகப்பட்டேன்.

நான் மருந்தாளுநர். ஊரில் படித்த படிப்பு இங்கே செல்லாது என்று மறுபடியும் தேர்வு எழுதி, ஒரு தடவை தோற்று, திரும்ப எழுதி வாங்கிய பதிவு. ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் உள்ள கடையில் வேலை. எங்கள் கடையில் டாக்டர் சீட்டோடு வருகிறவர்களுக்குக் கஞ்சாவும் கொடுக்கிறோம். சிலருக்கு எண்ணெயாக வரும், சிலருக்குக் காய்ந்த பூவாகச் சின்ன டப்பாவில் வரும். எல்லாம் இரும்புப் பெட்டிக்குள் பூட்டியிருக்கும். தீராத வலிக்காரர்கள்தான் அதிகம் வருவார்கள். எத்தனை இறுக்கமாக மூடினாலும் பூவின் வாசம் டப்பாவைச் சுற்றி நிற்கும். எலுமிச்சைத் தோலைக் கிள்ளிப் பெட்ரோல் துணியில் சுற்றி வைத்ததுபோல ஒரு வாசம். ஒரு தடவை முகர்ந்தால் மறக்காது.

ஒருநாள் காலை கடையின் முதலாளி என்னைப் பின்னறைக்குக் கூப்பிட்டார். லெபனான் குடும்பத்துக்காரர், அமைதியானவர். கதவைச் சாத்திவிட்டு, பெட்டியில் ஒரு டப்பாவைக் காணவில்லை என்றார். யாரையும் குற்றம் சொல்லவில்லை என்றும் சொன்னார். பிறகு மேசையைப் பார்த்தபடி, "தப்பாக நினைக்காதீர்கள். சில நாட்களாக உங்கள் மேல் அந்த வாசம் வருகிறது. கூட வேலை செய்கிறவர்களும் சொன்னார்கள்" என்றார்.

நான் ஏதோ பதில் சொன்னேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை. விஷயம் தெளிவாகும்வரை நான் பெட்டியைத் திறக்கும்போது இன்னொருவர் கூட நிற்பார் என்று சொல்லி அவர் எழுந்துவிட்டார்.

சாப்பாட்டு அறையில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்துக் சீருடைக்கு மேல் போடுகிற கம்பளிச் சட்டையைக் கழற்றி முகர்ந்து பார்த்தேன். முதலில் சாம்பிராணிதான் அடித்தது. அதற்கு அடியில், தையல் மடிப்புக்குள், அந்த வாசம் இருந்தது. நான் தொடாத ஒன்று என் மேல் எப்படி வந்தது என்று யோசிக்க அதிக நேரம் பிடிக்கவில்லை.

அன்று கணவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் பூஞ்சை என்பார், கறிவேப்பிலை என்பார். அவர் கண் சிவந்திருக்கிறதா என்று பார்த்தேன், இல்லை. சட்டைப் பைகளைத் துழாவினேன். ஒரு கடை ரசீதும் இரண்டு ஏலக்காயும் கிடைத்தன. எதற்கு ஏலக்காய் என்று வேறு ஒரு குழப்பம்.

மறுநாள் குப்பைத்தொட்டியை உருட்டிக்கொண்டு போகும்போது பக்கத்து வீட்டு அன்ரி வேலிக்கு அந்தப் பக்கம் செம்பருத்தியை வெட்டிக்கொண்டிருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், கணவர் இறந்து தனியாக இருக்கிறவர். எங்கள் தெருவில் அவருக்குத் தெரியாமல் ஒரு பூனைகூட நடக்காது.

"பிள்ளை, உங்கட மனுசன் இப்ப நல்ல பக்தியாப் போனார் போல. ஒவ்வொரு நாளும் சாம்பிராணி மணக்குது" என்றார்.

"ஆமா அன்ரி. கராஜ்ல பூஞ்சையாம்."

"ஓமோ." கத்தரியை ஒரு நிமிடம் நிறுத்தினார். "அவர் உள்ள போகேக்க ஒருக்கா இஞ்சால பாப்பார், ஒருக்கா அங்கால பாப்பார். பூஞ்சையை ஆர் களவெடுக்கப் போயினம் எண்டு நான் நினைச்சனான்."

அவர் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை என் கணவர் முடி வெட்டிக்கொள்ள டூங்கபிக்குப் போனார். பக்கக் கதவில்தான் புதுப் பூட்டு. முன்னால் இருக்கிற உருளைக் கதவுக்கான ரிமோட் என் கார் சாவியோடு இருந்தது அவருக்கு ஞாபகம் வரவில்லை. அழுத்தினேன். கதவு முனகிக்கொண்டு பாதி ஏறியதும் குனிந்து உள்ளே போய் மறுபடி இறக்கிவிட்டேன்.

கறிவேப்பிலைத் தொட்டி அங்கேதான் இருந்தது. ஒரு இலை இல்லை, வெறும் குச்சி. அதற்குப் பின்னால் துணி பீரோ போல ஒரு கறுப்புக் கூடாரம் நின்றது. அதன் பக்கத்தில் கொடி, கொடியில் என் சீருடை. கூடாரத்தின் ஜிப்பை இழுத்தேன். வெளிச்சமும் வெப்பமும் முகத்தில் அடித்தன. என் மார்பு உயரத்துக்கு இரண்டு செடிகள் நின்றன. கைவிரல் விரித்ததுபோல இலைகள். காணாமல்போன கத்தரிக்கோல் ஒரு ஆணியில் தொங்கியது. எவ்வளவு சுத்தம். எங்கள் படுக்கையறையைக்கூட அவர் அப்படி வைத்திருந்ததில்லை.

அவர் வரும்வரை அங்கேயே நின்றேன். பக்கக் கதவைத் திறந்தவர் என்னைப் பார்த்ததும் வெளியே போய்விடலாமா என்று நினைத்ததுபோல ஒரு கணம் தயங்கினார். பிறகு உள்ளே வந்து கதவைச் சாத்தினார்.

"விக்கிறீங்களா?" என்றேன்.

"சேச்சே. என்ன பேசுற நீ?"

"குடிக்கிறீங்களா?"

"இன்னும் பூக்கவே இல்லைம்மா. அதுல என்னத்தக் குடிக்கிறது."

கான்பெராவில் இருக்கிற, கூட வேலை செய்கிற நண்பர் கொடுத்த விதைகளாம். அங்கே ஆளுக்கு இரண்டு செடி வளர்க்கச் சட்டம் விடுகிறது. இங்கே விடுவதில்லை என்பது அவருக்கும் தெரியும். தோள்பட்டை வலியில் அவர் தூங்காமல் கிடந்தது எனக்கும் தெரியும். டாக்டரிடம் போய் அந்த மருந்தைக் கேட்க வெட்கமாக இருந்ததாம். சொல்லச் சொல்ல வலியை விட்டுவிட்டுச் செடிக்குப் போய்விட்டார். இது பழைய கலப்பு, மலைநாட்டுக் குட்டைச் செடியையும் வெப்பநாட்டு நெட்டைச் செடியையும் சேர்த்து நாம் பிறப்பதற்கு முன்பே யாரோ உருவாக்கினார்கள், நாற்றத்துக்காகவே ஒரு பிராணியின் பேரை வைத்திருக்கிறார்கள் என்றார். ஈரக் காகிதத்தில் வைத்த விதை வெடித்து வெள்ளையாக வால் நீட்டிய காலையில் என்னைக் கூப்பிட்டுக் காட்ட வேண்டும்போல இருந்ததாம்.

"கூப்பிட்டிருக்கலாமே."

"கூப்பிட்டா பிடுங்கிப் போட்டிருப்ப."

அவர் ஓரத்தில் நின்ற செடியைக் காட்டினார். கணுக்களில் சின்னச் சின்ன உருண்டைகள் கொத்தாகத் தொங்கின. "இது ஆண். ஒண்ணுக்கும் உதவாது. பக்கத்துல வச்சா மத்ததையும் கெடுத்துடும். தெரிஞ்ச அன்னிக்கே வெட்டியிருக்கணும், மனசு வரல" என்றார்.

அப்போதுதான் கடையில் நடந்ததைச் சொன்னேன். டப்பா காணாமல்போனதை, கதவைச் சாத்திக்கொண்டு முதலாளி பேசியதை, நான் பெட்டியைத் திறக்கும்போது புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெண் என் பின்னால் கைகட்டி நிற்பதை. அவர் முகம் மாறிக்கொண்டே வந்தது. கவிழ்த்துப்போட்ட வாளியின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

"துணில ஏறும்னு நான் நினைக்கவே இல்ல. அதுக்குத்தான் சாம்பிராணி..."

"சாம்பிராணியும் சேர்ந்து ஏறுச்சு" என்றேன். "பதிவு போச்சுன்னா என்னங்க பண்ணுவேன் நான்?"

அவர் எழுந்து ஆணியிலிருந்து கத்தரிக்கோலை எடுத்தார். நான் வெட்டச் சொல்லவில்லை. ஆண் செடியை முதலில் வெட்டினார். மற்றதை வெட்டுவதற்கு முன் அதன் ஒரு இலையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். அந்த மனிதர் எங்கள் வீட்டில் எதையும் அப்படித் தொட்டு நான் பார்த்ததில்லை. கோபம் வந்தது, பாவமாகவும் இருந்தது.

துண்டு துண்டாக நறுக்கித் தோட்டக் குப்பைக்கான பச்சைத் தொட்டியில் போட்டு, மேலே வெட்டிய புல்லைக் கொட்டினோம். அந்த வாரம் பச்சைத் தொட்டி எடுக்கிற நாள் காலையில் அதைத் தெருவோரத்தில் வைத்துவிட்டுச் ஜன்னலுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். லாரி இன்னும் வரவில்லை. அன்ரிதான் கை நிறையச் செம்பருத்திக் கிளைகளோடு வந்தார். நேராக எங்கள் தொட்டி மூடியைத் திறந்தார். நான் செருப்புக்கூடப் போடாமல் ஓடினேன்.

"என்ர தொட்டி நிரம்பிட்டுது பிள்ளை. இதுக்குள்ள போடட்டே?" என்றார்.

"போடுங்க அன்ரி."

அவர் கொஞ்ச நேரம் உள்ளே பார்த்தார். மூக்கை ஒரு தடவை உறிஞ்சினார். பிறகு கிளைகளை ஒவ்வொன்றாகப் பரப்பி, நடுவில் தெரிந்த இடத்தையெல்லாம் மறைத்து வைத்து மூடினார். "கறிவேப்பிலை தப்பேல்லைப் போல" என்றார்.

"இல்ல அன்ரி. போயிடுச்சு."

"போகட்டும். உந்தக் குளிருக்குச் சிலது சரிவராது." கையைத் தட்டிக்கொண்டு, "சரி, போட்டு வாறன்" என்று திரும்பிப் போனார். அவருக்குத் தெரியுமா தெரியாதா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. அவர் யாரிடமும் எதுவும் சொன்னதாகக் காதில் விழவில்லை. ஆனால் கோயிலில் அவர் வேறு யாரோடாவது தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தால் நான் கொஞ்சம் பக்கத்தில் போய் நிற்பேன்.

சில வாரம் கழித்துக் கடையில் அந்த டப்பாவின் கதை தெரிந்தது. காலாவதியானவற்றோடு சேர்த்து அதையும் யாரோ திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். முதலாளி பின்னறைக்குக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டார். இத்தனை வருடம் பழகியவரைச் சந்தேகப்பட்டது தனக்கே கஷ்டமாக இருந்தது என்றார். நான் பரவாயில்லை என்றேன். வாசத்தைப் பற்றி அவர் கேட்கவில்லை. அதற்குள் எல்லாத் துணியையும் நானே மறுபடி துவைத்து, பழைய கம்பளிச் சட்டையைத் தூக்கிப் போட்டிருந்தேன். அவருடைய மூக்கு சரியாகத்தான் சொன்னது என்பதை அவரிடம் சொல்ல வாய்வரை வந்தது. சொல்லவில்லை.

கணவரை நானே டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். தோளைத் தூக்கச் சொல்லி, திருப்பச் சொல்லிப் பார்த்துவிட்டு, முதலில் உடற்பயிற்சி சிகிச்சை என்று எழுதிக் கொடுத்தார். இவர் அந்த மருந்தைப் பற்றிக் கேட்கவே இல்லை. வெளியே வந்ததும், "கேக்கத்தானே வந்தோம்?" என்றேன். "உன்ன வச்சுக்கிட்டு எப்படிக் கேக்கிறது" என்றார்.

கூடாரத்தை அவர் தூக்கிப் போடவில்லை. வெந்தயக் கீரையும் தக்காளியும் போட்டிருக்கிறார். பக்கக் கதவில் இப்போது பூட்டு இல்லை. தக்காளி காய்த்தது, இரண்டு தடவை குழம்பும் வைத்தோம். போன மாதம் புதுத் தொட்டி ஒன்றில் இரண்டே இலையோடு ஏதோ முளைத்திருந்தது. என்ன என்று கேட்டேன். கத்தரி என்றார்.

"சரி" என்று சொல்லிவிட்டு வந்தேன். அடுத்த இலைகள் விரியும்வரை தினமும் வேலைக்குக் கிளம்புமுன் போய்ப் பார்த்தேன். கத்தரிதான்.