கம்பிப் பதம் பார்த்தவர்

ஏகாம்பரம் இறந்த செய்தி வந்தபோது, சித்தூரில் என் கிளினிக்கில் ஒரு நாயின் முழங்காலை மடக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் என்னோடு கால்நடை மருத்துவம் படித்தவர். திருப்பதியில் தொழில் செய்தவர். மூன்றாண்டுகளாக எங்களுக்குள் பேச்சில்லை. சமாதானத்துக்கு இடம் கொடுக்காமல் போய்ச் சேர்ந்ததும் அவர் பாணிதான்.

அவரோடு பழகியவர்களுக்கு அந்தப் பிடிவாதம் தெரியும். மூட்டு வீங்கிய நாய்க்கு எடுத்த எடுப்பில் மருந்து போடமாட்டார். மூட்டிலிருந்து ஊசியால் நீரை உறிஞ்சி, ஒரு சொட்டைக் கையுறை விரல்களுக்கிடையே இழுத்துப் பார்ப்பார். நல்ல நீர் பாகுபோல் நீளும். கிருமி புகுந்திருந்தால் சட்டென்று அறுந்துவிடும். "கம்பிப் பதம் வருதா பாரு, அப்பறம் வைத்தியம் பேசு" என்பார். அதன்பின் மைக்ராஸ்கோப். வெளியே கூட்டம் காத்துக் கிடக்கும்.

பங்காருபாளையம் மாந்தோப்புக்காரர் ஒருவரின் நாய்க்கு நான் வெறும் மூட்டுவாதம் என்று ஸ்டீராய்டு போட்டேன். இரண்டு நாள் ஓடியது. பிறகு காலை ஊன்றவே இல்லை. அவர் என்னிடம் சொல்லாமல் திருப்பதிக்குக் கொண்டுபோனார். ஏகாம்பரம் அவரை எதிரில் வைத்துக்கொண்டே, ஸ்பீக்கரில் என்னை அழைத்தார்.

"யோவ், முட்டி பூரா சீழ்யா. பாக்காம எதுக்குய்யா ஸ்டீராய்டு போட்ட?"

"சீழ்னு நெத்தியில எழுதிக்கினா வருது?"

"எழுதிக்கினு வராது. அதுக்குத்தான் ஊசி குடுத்துக்கீறாங்க."

மூட்டைக் கழுவி, மருந்து கொடுத்து, காலை வெட்டாமல் காப்பாற்றினார். மூட்டு மட்டும் மடங்கவில்லை. நான் அவரோடு பேசுவதை நிறுத்தினேன். தவறு என்னுடையதுதான். அதை ஒரு தோப்புக்காரர் முன்னால் சொல்ல வேண்டுமா?

திருச்சானூரில் ஏகாம்பரத்தின் சாவு வீட்டில் அதே தோப்புக்காரர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"உங்க மேல கம்ப்ளைன்ட் எழுதிக்கினு போயி இவுர்கிட்ட காட்டினேன் சார். இவுருதான் கிழிச்சிப் போட்டாரு. 'நானும் ஒரு நாய்க்கு இதே மாதிரி போட்டு, கால எடுக்க வேண்டியதாப் போச்சு. அதுலேர்ந்துதான் ஊசி வெச்சிப் பாக்கறேன்'னாரு."

கூடத்தில் அழுகைச் சத்தம். எனக்கு எரிச்சல்தான் வந்தது. என்னைத் திட்ட ஸ்பீக்கர். தன் தவறைச் சொல்ல மட்டும் நான் இல்லாத நேரம்.

இப்போது மூட்டு வீங்கி வரும் நாய்க்கு முதலில் நீர் எடுக்கிறேன். "எதுக்கு சார் இவ்ளோ நேரம்?" என்று முணுமுணுப்பவர்களிடம், பார்க்காமல் மருந்து போட்டு ஒரு நாயின் காலைக் கெடுத்தவன் நான் என்று சொல்லிவிடுகிறேன். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது இவ்வளவுதான். என்னிடமும் அவர் ஒரு முறை அப்படிச் சொல்லியிருக்கலாம்.