எல்லா வண்டிக்கும் பாஸ்

குமணன்சாவடி சிக்னல் தாண்டி நிற்கும் பழைய ஆம்னி வேன்தான் ஜாபஸின் ஆபீஸ். வண்டிகளின் புகையைச் சோதித்துச் சர்டிபிகேட் கொடுப்பது தொழில். பதினாறு வருஷமாகக் கொடுக்கிறான். சோதித்ததை மட்டும் நான் பார்த்ததில்லை. எதிரே பஞ்சர் கடை வைத்திருக்கும் நானே பார்க்கவில்லை என்றால் வேறு எவன் பார்த்திருப்பான்?

சைலன்சரில் விட வேண்டிய குழாய் வேன் கதவைக் கட்டி வைக்க உதவியது. நம்பர் பிளேட்டைப் படம் பிடிப்பான், பட்டனைத் தட்டுவான், பேப்பர் வந்துவிடும். கறுப்பு மேகத்தை இழுத்துக்கொண்டு வரும் தண்ணீர் லாரிக்கும் பாஸ்.

"இன்னா அண்ணாத்தே, அது கக்குற புகையில உன் மூஞ்சே தெர்ல. அதுக்கும் பாஸா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"மெஷின் சொல்லுது நைனா. நான் இன்னா பண்றது?"

மெஷின் ஆஃப் ஆகித்தான் கிடக்கும்.

இரண்டு வருஷமாக அவனுக்கு இருமல். பஸ் ஸ்டாப்பில் இருந்து வேனுக்கு வருவதற்குள் மூன்று இடத்தில் நிற்பான். இந்த நேரத்தில் அம்பத்தூர் ஏ.சி. குடோன் ஒன்றில் வாட்ச்மேன் வேலை கிடைத்தது. கதவடைத்த இடம், புகை கிடையாது. பிழைத்தோம் என்று குதித்தான். ஆனால் நுரையீரல் சோதித்துச் சர்டிபிகேட் கொண்டுவரச் சொன்னார்கள்.

என் வண்டியில்தான் வேலப்பன்சாவடி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். சோதனை செய்யும் பெண் நிவேதிதா ஒரு குழாயை நீட்டினாள்.

"நல்லா மூச்சை இழுத்து ஒரே தம்முல ஊதுங்கண்ணே."

"எதுக்கும்மா ஊதிக்கினு? நீயே ஒரு நம்பரப் போட்டு அடிச்சுக் குடுத்துடு."

"அதெல்லாம் முடியாது. ஊதுங்க."

ஊதினான். திரையில் மலை மாதிரி ஏற வேண்டிய கோடு, வேகத்தடை உயரத்துக்குக்கூட எழவில்லை.

"எத்தினி வருஷமா சிகரெட் பிடிக்கிறீங்க?"

"தொட்டதே இல்லம்மா."

"வேலை எங்க?"

இடத்தைச் சொன்னான். 'ரோட்டோரம், வண்டிப் புகை' என்று அவள் எழுதிக்கொண்டாள். டாக்டர் மருந்து எழுதி, ரோட்டோரம் உட்காராதே என்றார். சர்டிபிகேட் தரவில்லை.

ஜாபஸ் விடுவானா? கரையான்சாவடியில் ஒரு கிளினிக்குக்கு ஓடினான். அந்த டாக்டர் போனில் பேசிக்கொண்டே சீல் குத்தினார். நுரையீரல் நலம். ஐந்து நிமிஷம்.

வீட்டில் சம்சாரம் ஜெயகுமாரி பேப்பரைப் படித்தாள். இவன் குனிந்து குனிந்து இருமினான்.

"அதான் நல்லாகீதுன்னு எழுதிகீதே, அப்பறம் இன்னாத்துக்கு இருமிகினு கீற?"

மறுநாள் குடோனுக்குப் போகாமல் என் கடைக்கு வந்து நின்றான். முகம் சிவந்திருந்தது.

"அந்த டாக்டர் என்னத் தொட்டுக்கூட பாக்கல நைனா. உசுரு மேட்டரு, இப்டியா பண்ணுவான்? நாளைக்கு மாடி ஏறச் சொன்னா பேப்பரா ஏறும்?"

"உனக்கே கோவம் வருதா அண்ணாத்தே?"

"வராதா? படிச்சவன் பண்ற வேலையா இது? வண்டிய எடு, அந்தப் பொண்ணு இருக்குற ஆஸ்பத்திரிக்கே போய் மருந்து வாங்கலாம்."

எடுத்தேன். வேலப்பன்சாவடி போய்ச் சேரும்வரை அந்த கிளினிக் டாக்டருக்கு நேர்மையே இல்லை என்று திட்டிக்கொண்டே வந்தான், மூச்சு கிடைத்த இடத்தில் எல்லாம்.