மடிவரை தொங்கும் பெல்ட்

சுனாமிக்கு இரண்டு மூன்று வருஷம் கழித்து என் வீட்டுக்காரருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் போயிற்று. பேச்சும் போயிற்று. ஒரே ஒரு சொல் மட்டும் தங்கிவிட்டது. "அசையாம." பசித்தாலும் அசையாம, கொசு கடித்தாலும் அசையாம. கடலூரில் ஸ்டூடியோ வைத்திருந்த காலமெல்லாம் சொல்லிச் சொல்லி நாக்கில் ஊறிப்போன சொல் அது.

ஸ்டூடியோ என்றாலும் கல்யாணத்துக்கு அவரை யாரும் அவ்வளவாகக் கூப்பிடுவதில்லை. சாவு வீட்டுக்குத்தான் கூப்பிடுவார்கள். எங்கள் பக்கம் இறந்தவரைக் குளிப்பாட்டி, நாற்காலியில் உட்காரவைத்து, மாலை போட்டு, பிள்ளைகளெல்லாம் சுற்றி நின்று ஒரு படம் எடுத்துக்கொள்வது உண்டு. மற்ற ஸ்டூடியோக்காரர்கள் ஏதாவது சாக்குச் சொல்லி மழுப்புவார்கள். இவர் போய்விடுவார். அதற்கென்றே ஒரு பழைய ஃபிலிம் கேமரா வைத்திருந்தார். எடுத்துவிட்டு வந்ததும் அதை ஜன்னலுக்கு வெளியே ஆணியில் மாட்டிவிட்டு, குளித்த பிறகுதான் வீட்டுக்குள் வருவார்.

ஸ்டூடியோவை மூடியபோது மற்றதெல்லாம் விலை போயிற்று. இதை மட்டும் யாரும் கேட்கவில்லை. பக்கவாதத்தில் படுத்து எழுந்த பிறகு இது கழுத்தில் தொங்கினால்தான் அவருக்குச் சோறு இறங்கும். கழற்றினால் முனகுவார். உள்ளே ஃபிலிம் ரோல் கிடையாது. ஆனாலும் எடுப்பார். கேமராவைத் தலைகீழாகப் பிடித்தால் பொத்தான் இடது கைக்கு வந்துவிடும் என்று அவராகவே கண்டுபிடித்திருந்தார்.

எடுப்பது எதிர்ச்சுவர்ப் பக்கம் போட்டிருந்த பெஞ்சை. அதில் யாரும் உட்கார்ந்திருக்க மாட்டார்கள். இடது கையை ஆட்டி ஆட்டி, நீ பின்னால் போ, நீ இப்படி வா என்று சைகை காட்டுவார். சில சமயம் கையை முழங்கால் உயரத்துக்குத் தாழ்த்துவார். அது சின்னப் பிள்ளைக்கு. எல்லாரையும் நிறுத்தும்போது நடுவில் மட்டும் இடம் விடுவார். அது நாற்காலிக்கான இடம் என்று எனக்குத் தெரியும். அப்புறம் "அசையாம" என்று சொல்லிவிட்டு எடுப்பார். எடுத்ததும் முகம் தெளிந்துவிடும். வந்தவர்கள் எழுந்து போய்விட்ட மாதிரி சும்மா இருப்பார்.

ஒருநாள் கேமராவின் தோல் பெல்ட் வளையத்தோடு அறுந்து போயிற்று. நான் பழைய புடவைக் கரையைக் கிழித்துக் கட்டினேன். முடிச்சு கழுத்தை அறுத்தது. அந்தச் சமயத்தில்தான் மகளைப் பிரசவத்துக்கு அழைத்து வரவேண்டி இருந்தது. அவள் அண்ணாமலை நகர் குவார்ட்டர்ஸில், மாமியாரோடு இருந்தாள். ஏழாம் மாசம். பழமும் பூவும் வாங்கிக்கொண்டு போனேன். சம்பந்தியம்மா காப்பி கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார்.

"அண்ணி, தப்பா எடுத்துக்காதீங்க. போன தடவ வந்தப்ப அண்ணன் என் பக்கம் அதத் திருப்பி அசையாமன்னாரு. வந்து ரெண்டு நாளு காச்சல்ல கெடந்தேன். எத்தன பொணத்தப் பாத்த கண்ணு அது. மாசமா இருக்கறவள அதுங்கிட்ட அனுப்ப முடியுமா?"

"அத்த, அது வெறும் கண்ணாடி" என்றாள் மகள்.

"ஒனக்கு எல்லாம் கண்ணாடிதான். நீ சும்மா இரு. அண்ணி, அத எங்கியாவது தள்ளிட்டு வாங்க. அப்புறம் கூட்டிட்டுப் போங்க."

எனக்கு நாலு பேர் எதிரில் வாய் வராது. அவரிடமிருந்து அதைப் பிடுங்கினால் சாப்பிட மாட்டார் என்று சொல்ல வேண்டும். சொல்ல வரவில்லை. அதோடு, சம்பந்தியம்மாவுக்கு இருந்த பயம் எனக்கும் இருந்தது. அந்த நடு இடத்தை நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தவள் நான்தானே.

வழி கண்டுபிடித்தது மகள்தான். பெல்ட் குட்டையாக இருந்தால் கேமரா நெஞ்சில் இருக்கும், கொஞ்சம் நிமிர்த்தினால் கண்ணுக்கு வந்துவிடும். நீளமாக இருந்தால் மடியில் கிடக்கும். அந்தக் கனத்தை மடியிலிருந்து ஒற்றைக் கையால் தூக்க அவரால் ஆகாது. "கழுத்துலயும் இருக்கும், யாரையும் எடுக்கவும் முடியாது. போதுமா அத்த?" என்றாள். சம்பந்தியம்மா யோசித்துவிட்டு, "மொதல்ல பெல்ட்ட வாங்கிட்டு வா, பாக்கலாம்" என்றார்.

சிதம்பரம் கீழவீதிப் பக்கம் ஒரு கேமரா ரிப்பேர் கடை. கடைக்காரர் மகளின் வயிற்றைப் பார்த்துச் சிரித்தார்.

"ரோலே கெடைக்கிறது கஷ்டமா இருக்கு, நீங்க பெல்ட்டுக்கு அலையறீங்க. யாரு மாட்டிக்கப் போறது? பொறக்கப் போறவரா?"

மகள் சிரித்தாள். நான் அவளை இந்தப் பக்கம் இழுத்து நிறுத்திக்கொண்டேன்.

மூன்று எடுத்துப் போட்டார். ஒன்று தோல், நல்ல அழுத்தமான தோல்தான். யாரோ விற்ற கேமராவில் வந்ததாம். கையில் வாங்கிப் பார்த்தேன். கொக்கியின் இடுக்கில் ஒரு நரைமுடி சிக்கியிருந்தது. கீழே வைத்துவிட்டேன். இன்னொன்று காலேஜ் பிள்ளைகள் அடையாள அட்டை மாட்டுகிற நாடா மாதிரி, கனம் தாங்காது. மூன்றாவது புது நைலான், கறுப்பு. நீட்டவும் சுருக்கவும் ஒரு பக்கிள் இருந்தது. மகள் அதை எடுத்துத் தன் கழுத்தில் போடப் போனாள்.

"நீ போடாத" என்று பிடுங்கினேன். நான் போட்டுக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தேன். கடைக்காரர் ஒரு கேமராவை மாட்டிக் காட்டினார். பக்கிளைக் கடைசிவரை தள்ளியதும் அது என் மடியில் வந்து படுத்துக்கொண்டது. இதையே கொடுங்கள் என்றேன்.

சம்பந்தியம்மா பெல்ட்டை இரண்டு கையாலும் இழுத்து நீளம் பார்த்துவிட்டுத்தான் மகளை அனுப்பினார்.

வீட்டில் அவருக்கு மாட்டினேன். தூக்கப் பார்த்தார். வயிறுவரை வந்து திரும்ப மடியில் விழுந்தது. அதற்குமேல் முடியவில்லை. எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. ஆனால் சைகை நிற்கவில்லை. பெஞ்சைப் பார்த்து, நீ இப்படி, நீ அப்படி என்று எல்லாரையும் நிறுத்துவார். "அசையாம" என்பார். கேமரா எழும்பாது. மறுபடி "அசையாம." அதற்குப் பின்தான் எனக்கு ஒன்று உறைத்தது. முன்பெல்லாம் படம் எடுத்ததும் முடிந்துவிடும். இப்போது எடுக்கவே இல்லை. அப்படியென்றால் நிறுத்தி வைத்தவர்கள் அங்கேயேதான் நிற்கிறார்கள்.

சமையலறைக்குப் போக அந்தப் பெஞ்சைத் தாண்ட வேண்டும். நான் சுற்றிக்கொண்டு போக ஆரம்பித்தேன். சில நாள் கழித்துப் பார்த்தால் மகளும் சுற்றிக்கொண்டுதான் போனாள்.

ஒரு மத்தியானம் மாடியில் வடகத்தைத் திருப்பிப் போட்டுவிட்டு இறங்கி வந்தேன். வாசல்கதவு வழியாக வெயில் உள்ளே வந்து பெஞ்சின்மேல் விழுந்திருந்தது. நட்ட நடுவில் மகள் உட்கார்ந்திருந்தாள். கைகளை வயிற்றின்மேல் வைத்து, நேராக. எதிரில் அவர். கேமரா நெஞ்சில் இருந்தது.

"பெல்ட்ட யாரு சுருக்கனது?" என்றேன்.

"நான்தாம்மா." அவள் தலையைத் திருப்பவில்லை. உதடு மட்டும் அசைந்தது. "தூக்க முடியாம அழுவறாரு. ஒண்ணே ஒண்ணு எடுத்துட்டா எல்லாரும் போயிடுவாங்கல்ல."



"அங்க ஏண்டி ஒக்காந்த?"

"அப்பாதான் காட்டுனாரு. இங்கதான் எடம் இருக்குதாம்."

அவர் கேமராவைத் தலைகீழாகத் திருப்பிக் கண்ணுக்குக் கொண்டுபோனார். பிற்பாடு குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. அன்றைக்கு அது எனக்குத் தெரியாதே. நான் வேகமாக நடக்கிறவள் இல்லை. எப்படிப் போனேன் என்று தெரியவில்லை. போய் அவள் தோளைப் பிடித்துத் தள்ளினேன்.

"நவுரு."

"யம்மா, என்னாம்மா."

"ஓரமா நவுருன்னேன்."

அவள் நகர்ந்தாள். நடுவில் நான் உட்கார்ந்தேன். இரண்டு பக்கமும், பின்னாலும் நெருக்கமாக இருந்தது. வெயில் விழுந்த பலகை, சூடாக இருந்திருக்க வேண்டும். சில்லென்று இருந்தது.

அவர் கேமராவைக் கொஞ்சம் இறக்கி என்னைப் பார்த்தார். என்னை எழுந்திருக்கச் சொல்லிச் சைகை காட்டுவார் என்று நினைத்தேன். காட்டவில்லை. எத்தனையோ சாவு வீடுகளில் பார்த்ததுபோல் நிதானமாகப் பார்த்தார். திரும்பக் கேமராவைக் கண்ணில் வைத்துக்கொண்டார்.

"அசையாம" என்றார்.

பொத்தான் சத்தம் கேட்டது. ஸ்டூடியோவில் என்றால் அடுத்து, "ஆச்சு, எந்திரிங்க" என்று சொல்வார். அந்தச் சொல்லைத்தான் பக்கவாதம் கொண்டுபோய்விட்டதே.

"எந்திரிக்கலாமாம்மா?" என்று மகள் கேட்டாள்.

"நீ போ" என்றேன். "நான் கொஞ்சம் இருக்கேன்."